தசைத் தளர்த்தி மாத்திரைகள்: நிறுத்தும்போது தெரியும் தரம்

கழுத்துப் பிடிப்புக்கும் இடுப்புப் பிடிப்புக்கும் எழுதித் தரப்படும் தசைத் தளர்த்தி மாத்திரைகளுக்குப் பலரும் முதல் இரண்டு நாள் அனுபவத்தை வைத்தே மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். போட்ட அரை மணியில் உடம்பு லேசானது, நல்ல தூக்கம் வந்தது, ஐந்துக்கு ஐந்து. அந்தக் கணக்கில் பார்த்தால் இந்த வகையில் தோற்கிற மருந்தே கிடையாது. மூன்று மாதம் தொடர்ந்து சாப்பிட்டுவிட்டு, அட்டை தீர்ந்துபோன ராத்திரியில் உடம்பு என்ன செய்கிறது என்று பார்த்தால்தான் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள தூரம் தெரியும். இந்த மதிப்பீடு அந்த ஒரு கோணத்தில் மட்டும் எழுதப்பட்டது: எந்த மாத்திரை சொன்னபடி விட்டுப் போகும், எது போகாது, போகாததை எப்படி விடுவது.

முதலில் எவ்வளவு நாளுக்கு என்ற கணக்கு. சாதாரண முதுகுவலி, கழுத்துவலிக்கு இவற்றில் பெரும்பாலானவற்றின் குறிப்புத் தாளிலேயே இரண்டு முதல் மூன்று வாரம் என்றுதான் போட்டிருக்கும். அதற்கு மேல் பலன் உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லை. முதல் இரண்டு வாரத்தில் கிடைக்கும் பலனும் பெரிதல்ல. 2021இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கண்டது, 0 முதல் 100 வரையிலான வலி அளவில் சுமார் 8 புள்ளி குறைவு, அவ்வளவுதான். இந்த 8 புள்ளிக்காக ஆறு மாதம் சாப்பிட்டு, பிறகு ஆறு மாதம் அதைக் குறைத்துக்கொண்டிருப்பது எந்த விதத்திலும் லாபமான பேரம் இல்லை. பக்கவாதம், தண்டுவடக் காயம், மல்டிப்பிள் ஸ்கிளரோசிஸ், மூளை முடக்குவாதம் இவற்றால் கைகால் விறைத்துப்போனவர்கள் கணக்கு வேறு. அவர்களுக்கு இந்த மருந்து ஆண்டுக்கணக்கில் தேவைப்படும். அங்கே விடுவதைவிட, தெரியாமல் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

பெயர் தசைத் தளர்த்தி என்றாலும் இவற்றில் டான்ட்ரோலீன் ஒன்றுதான் நேராகத் தசை நாரில் வேலை செய்கிறது. மற்றவை எல்லாம் மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பின் துடிப்பை அமுக்குகின்றன. வாரக்கணக்கில் அமுக்கிக்கொண்டே இருந்தால் நரம்பு மண்டலம் சும்மா இருக்காது. எதிர்ப்பக்கம் தள்ளித் தள்ளி ஒரு புதிய சமநிலைக்கு வந்துவிடும். மருந்தைத் திடீரென்று எடுத்ததும் அந்த எதிர்த்தள்ளல் மட்டும் மிஞ்சி நிற்கும். தசை முன்பைவிட இறுகும், தூக்கம் போகும், நெஞ்சு படபடக்கும், சில மருந்துகளில் வலிப்பு வரைக்கும் போகும். நிறுத்தியதும் வரும் இந்த அறிகுறிகளுக்கு விலகல் என்று பெயர், உடம்பு அந்த நிலைக்கு வந்துவிட்டதற்குப் பெயர் உடல் சார்பு. டாக்டர் சொன்ன அளவை ஒரு வேளை கூடத் தாண்டாதவருக்கும் இது வரும். அளவைத் தானே கூட்டிக்கொள்வது, இரண்டு மூன்று டாக்டரிடம் சீட்டு வாங்குவது, கெடுதல் தெரிந்தும் தேடிப் போவது ஆகியவை அடிமைத்தனத்தின் அடையாளங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் "நான் என்ன போதைக்காரனா" என்று கூச்சப்பட்டு, டாக்டரிடம் சொல்லாமல் ஒரே நாளில் நிறுத்திப் பார்க்கிறார்கள். இருப்பதிலேயே ஆபத்தான வழி அதுதான்.

கேரிசோப்ரோடால்

இந்த வரிசையில் எங்கள் மதிப்பீட்டில் கடைசி இடம் இதற்கு. 1959இலிருந்து சந்தையில் இருக்கிறது. வழக்கமான அளவு 250 அல்லது 350 மி.கி. வீதம் பகலில் மூன்று வேளை, படுக்கும் முன் ஒன்று. அரை மணியில் வேலை செய்யும், நான்கிலிருந்து ஆறு மணி நேரம் நிற்கும். சிக்கல் மாத்திரையில் இல்லாமல், கல்லீரல் அதை என்னவாக மாற்றுகிறது என்பதில் இருக்கிறது. சிஒய்பி2சி19 என்ற என்சைம் இதை மெப்ரோபமேட்டாக மாற்றுகிறது. மெப்ரோபமேட் 1950களில் பதற்றத்துக்குக் கொடுக்கப்பட்ட பழைய மயக்க மருந்து. பழக்கமாக்கும் குணத்துக்காகவே பெயர் கெட்டது. கேரிசோப்ரோடாலின் அரைவாழ்வுக் காலம் (இரத்தத்தில் மருந்து பாதியாகும் நேரம்) இரண்டு மணி நேரம் போல, மெப்ரோபமேட்டுடையது பத்து மணி நேரம் போல. இடுப்புவலிக்கு என்று வாங்கியவர் தினமும் சாப்பிட்டது என்னவோ பழைய மயக்க மருந்தைத்தான். அந்த என்சைம் பிறவியிலேயே மந்தமாக இருப்பவர்களிடம் கேரிசோப்ரோடால் அளவு நான்கு மடங்கு வரை ஏறும். ஒரே மாத்திரை ஒருவரை லேசாக்கி இன்னொருவரை நடக்கவிடாமல் செய்வதன் காரணம் இது.

நிறுத்தினால் 12 முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கும். பதற்றம், கைநடுக்கம், தூக்கமின்மை, வாந்தி, தசைத் துடிப்பு. அளவு அதிகமாக இருந்தவர்களிடம் இல்லாதது தெரிவது, குரல் கேட்பது, வலிப்பு. ஐரோப்பிய மருந்து முகமை 2007இல் இதன் விற்பனை உரிமத்தை நிறுத்தி வைக்கப் பரிந்துரைத்தது. அமெரிக்காவில் 2012 ஜனவரியில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் நான்காம் பட்டியலில் சேர்த்தார்கள். ஓபியாய்டு (மார்ஃபின் வகை) வலிமருந்து, பென்சோடயசிபைன் (டயசிபம் வகை மருந்து) இரண்டோடும் இது சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகும் அபாயம் தனியாக உண்டு.

விடுவதற்கு: தினம் ஒன்று இரண்டு என்று சில வாரம் மட்டும் சாப்பிட்டவருக்கு, சில நாளைக்கு ஒரு மாத்திரை வீதம் குறைத்து ஓரிரு வாரத்தில் முடிக்கும் முறை போதும். மாதக்கணக்கில் நான்கோ அதற்கு மேலோ போட்டவர்கள் வீட்டில் தனியாக முயற்சி செய்யக்கூடாது. டாக்டர்கள் சில சமயம் நீண்ட நேரம் நிற்கும் டயசிபமோ ஃபீனோபார்பிட்டாலோ கொடுத்து வலிப்பைத் தடுத்துக்கொண்டே இதை இறக்குவார்கள். முதுகுவலிக்கு இதை முதல் மருந்தாக எழுத நல்ல காரணம் எதுவும் எங்களுக்குத் தென்படவில்லை.

பேக்லோஃபென்

இதற்கு மதிப்பெண் போடுவதுதான் கஷ்டம். சரியான நோயாளிக்கு இதைப்போல் உழைக்கும் மருந்து இந்த வரிசையில் இல்லை. தண்டுவடக் காயத்துக்குப் பின் முழங்கால் தானாக மடங்கி இறுகிக்கொள்வதையும், ராத்திரித் தசை வெட்டுகளையும் இது அடக்குகிற விதம் தனி. வலிப்புக்காக 1962இல் தயாரிக்கப்பட்டு, அதில் பெரிதாகச் சோபிக்காமல், விறைப்புக்கு வந்து சேர்ந்தது. அதே பேக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்துவதைப்போல் ஆபத்தானதும் இந்த வரிசையில் இல்லை.

நரம்பின் துடிப்பை அடக்கும் காபா என்ற வேதிப்பொருள் போய் ஒட்டும் இடங்களில் ஒன்றான காபா-பி என்ற ஏற்பியைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறது. 5 மி.கி. மூன்று வேளையில் தொடங்கி, மூன்று நாளுக்கு ஒருமுறை வேளைக்கு 5 மி.கி. ஏற்றி, தேவைப்பட்டால் நாளொன்றுக்கு 80 மி.கி. வரை போவார்கள். இரத்தத்தில் பாதியாவதற்கு இரண்டிலிருந்து ஆறு மணி நேரம்தான் ஆகிறது. ஒரு வேளை தவறினாலே பலருக்குத் தெரிந்துவிடும். ராத்திரி ஒன்பதுக்குப் போட்டது விடிகாலை நான்குக்கு இறங்க, கால் விறைத்து வியர்த்து முழிப்பு வரும். இதைப் பார்த்து "மருந்து போதவில்லை" என்று அளவைக் கூட்டிவிடுகிறார்கள். மொத்த அளவு மாறாமல், வேளைகளை நெருக்கி நான்காகப் பிரித்தாலே பாதிப் பேருக்கு மேல் இது அடங்கிவிடும் என்பது எங்கள் கணிப்பு. டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

திடீர் நிறுத்தம் என்ன செய்யும்? ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் பழைய விறைப்பு இரட்டிப்பாகத் திரும்பும். பிறகு குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது, காய்ச்சல், வலிப்பு. முற்றினால் தசை நார் சிதைந்து சிறுநீரகம் பழுதாகும். மருத்துவமனையில் இது கிருமித் தொற்றுக் காய்ச்சல் மாதிரியும் மனநோய் மாதிரியும் தெரியும். மனநோய் மருந்து ஊசி போட்டால் சிலவற்றால் வலிப்பு வரும் வாய்ப்பு இன்னும் கூடும். இதற்குச் சிகிச்சை பேக்லோஃபெனையே பழைய அளவில் திரும்பக் கொடுப்பது, கூடவே பென்சோடயசிபைன். எனவே நோயாளியின் பையில் இந்த மருந்தின் பெயரும் அளவும் எழுதிய ஒரு சீட்டு எப்போதும் இருக்க வேண்டும். பேச முடியாத நிலையில் அந்தச் சீட்டுதான் பேசும்.

இன்னொரு கண்ணி சிறுநீரகம். பேக்லோஃபெனின் பெரும்பகுதி உருமாறாமல் சிறுநீரில்தான் போகிறது. சிறுநீரகம் தளர்ந்தவருக்குச் சாதாரண 5 மி.கி. கூடச் சேர்ந்து சேர்ந்து சுயநினைவைக் கலைக்கும். வடிகட்டும் திறன் (இரத்தப் பரிசோதனையில் eGFR என்று வரும் எண்) 30க்குக் கீழே போனவர்களுக்குத் தவிர்ப்பதே நல்லது. டயாலிசிஸ் இதை வெளியே இழுத்துவிடும் என்பதால் அங்கே எதிர்ப்பக்கமும் உண்டு. வெகுநாள் சாப்பிட்டவருக்கு டயாலிசிஸ் முடிந்தபின் விலகல் அறிகுறிகள் வரலாம்.

தண்டுவடத் திரவத்துக்குள் நேராக மருந்தை விடும் பம்ப் தனி ஜாதி. அளவு மைக்ரோகிராமில்தான், ஆனால் அது சேர்க்கும் இடம் வேறு என்பதால் அந்த அளவுக்குச் சமமான மாத்திரைக் கணக்கு என்று நம்பகமான ஒன்று கிடையாது. பம்ப் நின்றுபோனால் வரும் விலகல் மாத்திரை விலகலைவிடக் கடுமையானது. திடீர் நிறுத்தத்தால் உயிரே போகலாம் என்று கட்டம் கட்டிப் போடும் எச்சரிக்கை அமெரிக்கக் குறிப்புத் தாளில் முதல் வரியாக இருப்பது அதனால்தான். நிற்பதற்கான காரணங்கள் பெரும்பாலும் சில்லறைக் காரணங்கள். மருந்து நிரப்பும் தேதி தவறியது, குழாய் மடிந்தது அல்லது கழன்றது, பேட்டரி தீர்ந்தது. ஆரம்ப அடையாளம் சொறியே இல்லாமல் உடம்பெல்லாம் அரிப்பு. கூடவே ஊசி குத்துவதுபோல் மதமதப்பு, விறைப்புக் கூடுதல். பம்ப் உள்ளவருக்கு இப்படி அரித்தால் தோல் டாக்டரிடம் போய் நேரத்தைக் கழிக்கக்கூடாது, பம்ப் பார்க்கும் குழுவை அன்றைக்கே கூப்பிட வேண்டும்.

டிசானிடின்

இதன் குணம் வேறு. காபாவோடு சம்பந்தமில்லை. ஆல்ஃபா-2 ஏற்பியில் வேலை செய்யும் இது, இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் க்ளோனிடினின் பங்காளி. அதனால் விலகலும் அந்த வீட்டுச் சாயலிலேயே வரும். அழுத்தம் எகிறும், நாடி ஓடும், தசை விறைக்கும். நாளொன்றுக்கு 20 முதல் 28 மி.கி. வரை, ஒன்பது வாரத்துக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம் என்பது குறிப்புத் தாளிலேயே உண்டு. அங்கே சொல்லப்படும் வேகம் ஒரு நாளைக்கு 2 முதல் 4 மி.கி. குறைப்பது. மற்றவற்றோடு ஒப்பிட்டால் இது வேகமான இறக்கம்தான், பெரும்பாலானவர்களுக்கு ஒத்தும் போகிறது. வீட்டில் ஒரு பி.பி. கருவி வைத்துக்கொண்டு காலை, மாலை பார்த்து எழுதி வந்தால் போதும். ஏற்கெனவே பீட்டா பிளாக்கர் (நாடியையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்கும் மருந்து) சாப்பிடுபவர்கள் அதை டாக்டரிடம் சொல்லிவிட்டே குறைக்க வேண்டும். க்ளோனிடினை நிறுத்தும்போது அந்தக் கூட்டணி அழுத்தத்தை இன்னும் ஏற்றும் என்பது தெரிந்த விஷயம்.

ராத்திரி 2 மி.கி. மட்டும் போடுகிறவருக்குச் சிரமம் குறைவு. இந்த வரிசையில் விடுவதற்கு நடுத்தரம் என்று சொல்லலாம். ஆனால் மற்ற மருந்துகளோடு சேர்ந்து இது காட்டும் வேலைகள் எரிச்சலூட்டுபவை. சிஒய்பி1ஏ2 என்சைம்தான் இதை உடைக்கிறது. சிறுநீர்த் தொற்றுக்குச் சர்வ சாதாரணமாக எழுதப்படும் சிப்ரோஃப்ளாக்சசின் அந்த என்சைமைக் கட்டிப்போட்டு டிசானிடின் அளவைப் பத்து மடங்கு ஏற்றிவிடும். ஃப்ளூவோக்சமின் முப்பது மடங்குக்கும் மேல். இரண்டும் சேர்த்துச் சாப்பிடவே கூடாதவை. புகை பிடிப்பவர்களிடம் இந்த மருந்து வேகமாகக் கரையும். ஒரே மாதத்தில் புகையையும் விட்டு மாத்திரையையும் அதே அளவில் வைத்திருந்தால் எழுந்து நின்றதும் தலை சுற்றி விழலாம். காப்ஸ்யூலும் மாத்திரையும் வெறும் வயிற்றில் ஒன்றுபோல் வேலை செய்யும், சாப்பாட்டோடு எடுத்தால் மாறும். ஆக, குறைக்கும் காலத்தில் வடிவத்தை மாற்றாதீர்கள், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற பழக்கத்தையும் மாற்றாதீர்கள்.

டயசிபம்

தசைப்பிடிப்புக்கு இன்னும் எழுதப்படுகிறது. சில நாளுக்கு என்றால் தவறில்லை. மாதக்கணக்கில் என்றால் இதை விடுவது நீண்ட வேலை. இதன் ஒரே நல்ல குணம் மெதுவாக வெளியேறுவது. இதுவும் இதிலிருந்து உண்டாகும் வேதிப்பொருளும் சேர்ந்து நாட்கணக்கில் உடம்பில் நிற்கும் என்பதால் இறக்கம் வழுவழுப்பாக இருக்கும். இதே குணம் ஏமாற்றவும் செய்யும். நிறுத்தி நான்கைந்து நாள் ஒன்றுமே தெரியாது, "பார், எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று நினைத்து முடிப்பதற்குள் அடுத்த வாரம் தூக்கம் போகும், காதில் ரீங்காரம், வெளிச்சமும் சத்தமும் தாங்காது, தசை அங்கங்கே துடிக்கும்.

குறைக்கும் வேகத்துக்கு இப்போது பரவலாக ஏற்கப்படும் தொடக்க அளவு, இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அப்போது சாப்பிடும் அளவில் 5 முதல் 10 சதவீதம். தினம் 10 மி.கி. சாப்பிடுபவருக்கு முதல் வெட்டு 0.5 முதல் 1 மி.கி. இந்தச் சின்ன அளவை மாத்திரையில் வெட்டி எடுக்க முடியாது. 5 மில்லியில் 2 மி.கி. உள்ள திரவம் கிடைத்தால் 1 மி.கி.க்கு 2.5 மில்லி, அரை மி.கி.க்கு 1.25 மில்லி என்று ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துவிடலாம். மாதங்கள் ஆகும். ஆகட்டும்.

மற்றவை

சைக்ளோபென்சாப்ரின் உண்மையில் பழைய மனச்சோர்வு மாத்திரைகளின் உருவ அமைப்பு கொண்டது. வாய் வறளும், மறுநாள் காலை மந்தமாக இருக்கும். அரைவாழ்வு சுமார் 18 மணி நேரம் என்பதால் தானாகவே மெல்ல இறங்கும். வெகுநாள் சாப்பிட்டு நிறுத்தினால் சில நாள் குமட்டல், தலைவலி, உடம்பு அசதி. வலிப்பு பயம் இல்லை. ஒரு வாரம் பாதியாக்கிப் பிறகு நிறுத்தினால் பெரும்பாலும் முடிந்தது. மெத்தோகார்பமால் இன்னும் எளிது. விடுவதைப் பற்றிக் கவலைப்படுகிறவருக்கு, முதுகுவலிக்கென்று ஒன்று கட்டாயம் வேண்டுமென்றால், எங்கள் தேர்வு இந்த இரண்டில் ஒன்று, இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம்.

தயோகால்சிகோசைடைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். இதில் பழக்கமாகும் சிக்கல் பெரிதாக இல்லை. ஆனால் 2013இல் ஐரோப்பிய மருந்து முகமை இதன் சிதைபொருள் ஒன்று செல்லின் குரோமோசோம் எண்ணிக்கையைக் குலைக்கக்கூடும் என்று கண்டு, வாய்வழி 8 மி.கி. பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை, அதிகபட்சம் ஏழு நாள், ஊசி என்றால் ஐந்து நாள் என்று கட்டிப்போட்டது. கர்ப்பிணிகளுக்கும் பதினாறு வயதுக்குக் கீழானவர்களுக்கும் கூடாது. இன்னொன்று, இது வலிப்பைத் தூண்டக்கூடியது. கேரிசோப்ரோடாலையோ பேக்லோஃபெனையோ டயசிபமையோ விட்டுக்கொண்டிருப்பவர், "பழக்கமாகாத மாத்திரை" என்று நம்பி இதற்கு மாறினால், வலிப்பின் விளிம்பில் நிற்கும் மூளையைப் பின்னாலிருந்து தள்ளிவிடுவதாக ஆகும்.

கூட்டு மாத்திரைகளும் ஒரு தொந்தரவு. ஒரே மாத்திரையில் வலிமருந்து, பாராசிட்டமால், தசைத் தளர்த்தி மூன்றும் இருக்கும். தசைத் தளர்த்தியின் பெயர் அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் மூன்றாவதாக வரும். சாப்பிடுகிறவருக்கு அது வெறும் "வலி மாத்திரை". குறைக்க நினைத்தால் ஒன்றை மட்டும் தனியாகக் குறைக்க வழியில்லை, கூட்டினால் பாராசிட்டமாலும் கூடவே ஏறும். எந்தத் திட்டத்துக்கும் முன்னால் இவற்றைப் பிரித்துத் தனித்தனி மாத்திரையாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

நோயா, விலகலா

இதைப் பிரித்துத் தெரிந்துகொள்ளாமல்தான் பெரும்பாலானவர்கள் திரும்ப மாத்திரைக்கே போகிறார்கள். நிறுத்தினேன், வலி வந்தது, ஆகவே எனக்கு மருந்து தேவை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது நேரம். குறைத்த ஓரிரு நாளில் திடீரென்று வந்து, அடுத்த வேளை மாத்திரை போட்ட ஒரு மணியில் மாயமாகிறதா? அது விலகலின் நடை. பழைய முதுகுவலிக்கு அப்படிக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. இரண்டாவது இடம். முன்பு வலித்தது இடது இடுப்பு மட்டும், இப்போது தாடை, தொடை, தோள் எல்லாம் இறுகுகிறது என்றால் அது இடுப்பின் பிரச்சினை அல்ல. மூன்றாவது துணைக்கு வருபவை: வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, தூக்கம் வராமை, காரணமில்லாத பயம். இவை கூட வந்தால் விலகல் என்றே வைத்துக்கொண்டு, அந்தப் படியிலேயே இன்னும் ஒரு வாரம் நில்லுங்கள். காலில் புதிதாகப் பலம் குறைவது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு போவது, தொடை இடுக்கில் உணர்ச்சி இல்லாமல் போவது என்றால் இரண்டுமே இல்லை, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய வேறு விஷயம்.

குறைக்கும் முறை

பேக்லோஃபென் 10-10-10 என்று தினம் 30 மி.கி. சாப்பிடுபவரை எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு 5 மி.கி. குறைப்பது வழக்கமான வேகம். முதல் வாரம் மதிய வேளையை 5 ஆக்கலாம், ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்கு அதிகம் தேவைப்படாத வேளை அதுதான். இரண்டாம் வாரம் காலையையும் 5 ஆக்கலாம். ராத்திரி வேளையை மற்ற இரண்டுக்கும் பிறகே தொடுங்கள், தூக்கம் போனால் மறுநாள் மன உறுதியும் போய்விடும். மூன்றாம் வாரம் 5-5-5. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 30இல் 5 குறைப்பது ஆறில் ஒரு பங்கு, 10இல் 5 குறைப்பது பாதி. மில்லிகிராம் அதேதான், உடம்புக்குத் தெரியும் அதிர்ச்சி மூன்று மடங்கு. அதனால் 15க்குக் கீழே வந்ததும் படியை 2.5 ஆக்கிக்கொள்ள வேண்டும். வேளையைத் தாண்டவும் கூடாது. 5-0-5 என்று நடுவில் காலியிட்டால் இடைவெளி பன்னிரண்டு மணி நேரமாகிவிடும். இவ்வளவு குறுகிய அரைவாழ்வு கொண்ட மருந்துக்கு அது தினமும் ஒரு சின்ன விலகல். 2.5-2.5-5 என்று மூன்று வேளையையும் வைத்திருப்பதே மேல். மொத்தம் ஏழெட்டு வாரம் ஆகும். சிரமம் வந்தால் அந்தப் படியில் நிற்கலாம், தாங்கவே முடியாவிட்டால் ஒரு படி மட்டும் மேலே போகலாம். மொத்தத்தையும் தூக்கிப் பழைய 30க்குப் போவதற்கு, வலிப்பு, பிரமை போன்ற பெரிய அறிகுறி இல்லாவிட்டால், அவசியமே இல்லை.

கருவிகள் பெரிதாக ஒன்றுமில்லை. மாத்திரை வெட்டும் சின்னப் பெட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கத்தியால் வெட்டினால் ஒரு பாதி நொறுங்கி இன்னொரு பாதி பெரிதாகிவிடும். நடுவில் கோடு போட்ட மாத்திரையாகக் கேட்டு வாங்குங்கள். மெதுவாகக் கரையும் காப்ஸ்யூல், மாத்திரைகளை வெட்டவே கூடாது, மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். பேக்லோஃபென் திரவமாகவும் வருகிறது, ஆனால் பாட்டிலைத் திருப்பி அடர்த்தியைப் படியுங்கள். 5 மில்லியில் 5 மி.கி. உள்ளதும் உண்டு, அதே 5 மில்லியில் 25 மி.கி. உள்ளதும் உண்டு. மருந்துக்கடை மாறியபோது பாட்டிலும் மாறி, பழைய கோடு வரை சிரிஞ்சில் இழுத்தால் ஐந்து மடங்கு மருந்து உள்ளே போகும்.

ஒரே சமயத்தில் ஒரு மருந்தை மட்டும் குறையுங்கள். தூக்க மாத்திரை, நரம்புவலிக்கான கபாபென்டின், தசைத் தளர்த்தி மூன்றையும் சேர்த்து இறக்கினால் எது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. தேதி, வேளை, அளவு, தூங்கிய நேரம், வந்த அறிகுறி இந்த ஐந்து பத்தியோடு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இரண்டு வாரத்துக் குறிப்பைப் பார்த்தாலே டாக்டருக்கு அடுத்த படி தெரிந்துவிடும்.

எங்கே கெடுகிறது என்று பார்த்தால், திட்டத்தில் கெடுவதைவிட எதிர்பாராத இடங்களில் கெடுவதே அதிகம். விடுமுறையில் மருந்துக்கடை மூடியிருக்கும். பயணத்தில் பெட்டி வேறு வண்டியில் போய்விடும். அறுவைச் சிகிச்சைக்கு முன் "எதுவும் சாப்பிடக்கூடாது" என்பதை மாத்திரைக்கும் சேர்த்துப் புரிந்துகொள்வார்கள். வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்து இரண்டு நாள் எதுவும் தங்காது. மருத்துவமனையில் சேர்த்தவர்கள் மருந்துப் பட்டியலை எழுதும்போது "முதுகுவலி மாத்திரை" என்று சொன்னதால் அது விட்டுப்போகும். கையில் எப்போதும் ஒரு வாரத்துக்கான மருந்து இருக்க வேண்டும் என்பது இந்த ஐந்தில் இரண்டைத் தடுக்கும். மற்றவற்றுக்கு அந்தச் சீட்டுதான்.

இதற்கு நேர் எதிரான விபத்தும் நடக்கிறது. நிறுத்தி மூன்று நான்கு வாரம் ஆனபின் வலி தாங்காமல் பழைய முழு அளவை ஒரேயடியாகப் போடுவது. உடம்பின் தாங்குதிறன் அதற்குள் போய்விட்டிருக்கும். பேக்லோஃபென் என்றால் பழைய 60 மி.கி. அன்றைக்கு மயக்கத்தையும் மூச்சுத் தளர்ச்சியையும் கொடுக்கும். திரும்பத் தொடங்க வேண்டுமானால் ஆரம்ப அளவிலிருந்துதான்.

ஓட்டையை வேறு எதையாவது வைத்து அடைப்பதும் உண்டு. மது அந்த ஒரு ராத்திரியைக் கடத்திவிடும், ஆனால் அதுவும் காபா வழியாகவே வேலை செய்வது, மறுநாள் இரண்டு விலகலையும் சேர்த்துச் சுமக்க வேண்டிவரும். இணையத்தில் தூக்கத்துக்கு என்று விற்கும் ஃபெனிபட் பொடி பேக்லோஃபெனின் நெருங்கிய உறவுக்காரன். அதன் விலகல் எந்த விதத்திலும் லேசானதல்ல, போதாக்குறைக்குப் பொட்டலத்தில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. வெந்நீர் ஒத்தடம், மெதுவான நீட்டல் பயிற்சி, இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) சொல்லித்தரும் அசைவுகள் ஆகியவற்றை மருந்து குறைக்கத் தொடங்கும் முன்பே பழகிவிடுங்கள். இறுக்கம் வந்த பிறகு புதிதாகக் கற்றுக்கொள்ள யாருக்கும் பொறுமை இருக்காது.

வீட்டில் குறைக்கக் கூடாதவர்கள்: முன்பு எப்போதாவது வலிப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகம் கெட்டவர்கள், மது தினசரி குடிப்பவர்கள், இரண்டு மயக்க மருந்து சேர்த்துச் சாப்பிடுபவர்கள், பம்ப் உள்ளவர்கள், முன்பு ஒருமுறை நிறுத்தி மோசமாகத் திரும்பியவர்கள். கர்ப்ப காலம் முழுக்க பேக்லோஃபென் சாப்பிட்டால் பிறந்த குழந்தைக்கே நடுக்கமும் வலிப்பும் வரலாம், ஆகவே பிரசவம் பார்ப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். குறைத்துக்கொண்டிருக்கும் எவருக்கும் காய்ச்சலோடு உடம்பு விறைத்தால், இல்லாதது தெரிந்தால், பேச்சு குழறிக் குழம்பினால், வலிப்பு வந்தால், சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போனால் அடுத்த நாளைக்கு என்று தள்ளாமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். போகும்போது மாத்திரை அட்டையையும் நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக எழுதித் தரும் டாக்டரிடம் கேட்க வேண்டியவை குறைவு. இதில் எது தசைத் தளர்த்தி? எத்தனை நாளுக்கு? அதற்குப் பிறகு ஒரே நாளில் நிறுத்தலாமா, குறைக்க வேண்டுமா? நான் ஏற்கெனவே சாப்பிடுபவற்றோடு ஒத்துப்போகுமா? இரண்டாவது கேள்விக்கு "வலி இருக்கும் வரை" என்று பதில் வந்தால் மட்டும், தேதி ஒன்றைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். படிப்படியாகக் குறைத்து முடித்தபின் வீட்டில் மிச்சமிருக்கும் அட்டைகளைக் கழுத்துவலி என்று வரும் சொந்தக்காரருக்கு எடுத்துக் கொடுக்காமல், திரும்ப வாங்கிக்கொள்ளும் மருந்துக்கடையில் ஒப்படைத்துவிடுங்கள்.